சுவரில் அறைந்த இழைப்புளிகள்

தச்சுத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, போன மாதம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: பழைய கைக்கருவிகளின் பெருமை. அந்தக் காலத்து இழைப்புளியும் உளியும் எப்படி உழைத்தன, இன்று கடையில் வாங்கும் சாமான் ஏன் உழைப்பதில்லை, இதை அனுபவத்திலிருந்து எழுத வேண்டுமாம். கட்டுரையோடு போட ஒரு படமும் வேண்டும். படத்தை எங்கே எடுப்பது என்பதையும் முடிவு செய்துவிட்டார்கள்.

"பைபாஸ்ல புதுசா ஒரு பிரியாணி ஓட்டல் தொறந்திருக்காங்கய்யா. சுவரு பூரா பழைய தச்சுச் சாமானா மாட்டியிருக்காங்க. அதுக்கு முன்னாடி உங்களை ஒக்கார வச்சு எடுத்தா செமையா இருக்கும்" என்றார் ஒருவர்.

அந்தச் சுவரை எனக்குத் தெரியும். அதில் அறைந்திருக்கும் சாமான்களில் பாதி யார் கையில் இருந்தவை என்றும் தெரியும். கட்டுரை தருகிறேன் என்று சொன்னேன். படத்தைப் பற்றி அப்போது வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பெற்றவர்கள் வைத்த பெயரை விட்டு வேறு பெயர் சொல்லி அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருப்பேன். அவர்கள் மேல் தப்பில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சி ரோட்டில் இருந்த ஒரு கதவு ஜன்னல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நான் கதவு செய்தவன் இல்லை. கூர் போட்டவன். பட்டறையின் பின்மூலையில் சாணைக்கல்லும் எண்ணெய்க்கல்லும் அரங்களும் வைத்துக்கொண்டு, அங்கே வேலை பார்த்த அத்தனை பேருடைய சாமான்களையும் தீட்டித் தருவது மட்டுமே என் வேலை. சாயங்காலங்களில் சில வருடங்கள் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் செய்தி அனுப்பியதும் உண்டு. பார்த்ததைப் பார்த்தது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்து எழுதும் பழக்கம் அங்கே வந்தது. இந்தக் கட்டுரையையும் அப்படியே எழுதுகிறேன்.

இனி அவர்கள் கேட்ட தலைப்பு. பழைய கருவிகள் உழைத்தன என்பது பாதி பொய். உழைக்காத பழைய கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் தட்டிலேயே வாய் நெளிந்த உளிகள், எத்தனை முறை தீட்டினாலும் மதியத்துக்குள் மழுங்கிய தகடுகள், நடுவில் விரிசல் விட்ட ரம்பங்கள். அவற்றைப் பழைய இரும்புக்காரரின் சாக்கில் போட்டதே நான்தான். மிஞ்சியவை மட்டும் இன்று உங்கள் கண்ணில் படுகின்றன. அந்தக் காலத்தில் எல்லாமே கெட்டி என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

மிஞ்சியவையும் தாமாக மிஞ்சவில்லை. ஓர் இழைப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை, தகடு, தகட்டை இறுக்கும் ஆப்பு, இவ்வளவுதான் அது. அடிப்பக்கம் மரத்தில் உரசி உரசிப் பள்ளமாகும். அடியைச் சீவி மட்டம் செய்வோம். சீவிச் சீவி வாய் அகலமானால் வாய்க்கு முன்னால் புதுத் துண்டு வைத்து ஒட்டுவோம். அதுவும் தேய்ந்தால் கட்டையையே தூக்கிப்போட்டு, புளிய மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் வேறு கட்டை செய்து, பழைய தகட்டை அதில் செருகுவோம். ஆப்புகளுக்குக் கணக்கே கிடையாது. யாராவது ஓர் இழைப்புளியின் வயதைக் கேட்டால், எந்தப் பாகத்தின் வயது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஓரளவு பதில் சொல்ல முடிந்தது தகட்டுக்குத்தான். அதுவும் வருடா வருடம் குட்டையாகிக்கொண்டே வரும். உழைத்தது நாங்கள். சாமான் எங்களோடு கூட வந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. பக்கத்து வேலைப்பலகையில் நிற்பவர் இழைப்புளி கேட்டால் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு தட்டுத் தட்டி, தகட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் கட்டையைக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் தன் தகட்டைப் போட்டுக்கொள்ள வேண்டியது. இதை யாரும் கஞ்சத்தனம் என்று நினைத்ததில்லை. கட்டை என்பது தகட்டுக்கு ஒரு வீடு, அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நான் வேலை பழகிய கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அரம் பிடித்துக் கை புண்ணாகி, புண் காய்த்து, காய்ப்பு கல்லாகி, அதற்குப் பிறகு வேலை வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான். சொல்ல வேண்டியது மேஸ்திரி பாக்கியநாதனைப் பற்றி.

வடமதுரைக்காரர். குட்டையான, தடித்த மனிதர். மனசு சரியாக இருக்கும் நேரத்தில் எங்களை "ஏலே", "அப்பு" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் தணியும், மரியாதை ஏறும். "இந்த மூலை சேரலையேங்க. செத்த பாக்குறீங்களாங்க?" என்றார் என்றால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான். அவர் வாயில் 'ங்க' வந்ததும் பட்டறை முழுக்க முணுமுணுப்பு ஓடும்: "மேஸ்திரிக்கு ஒட்டன்சத்திரம் காத்து அடிக்குதுடோய்." ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' வரும். அந்தக் காற்று அடித்த நாட்களில் டீ குடிக்கக்கூட யாரும் வெளியே போக மாட்டோம்.

நான் தீட்டிக் கொடுத்த தகட்டை அவர் விரலால் தடவிப் பார்க்க மாட்டார். ஜன்னல் பக்கம் போய், வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். மழுங்கின இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடம் மின்னாது. கோடு தெரிந்தால் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தெரியாவிட்டாலும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பாராட்டு என்று அவரிடம் நான் வாங்கியது அந்த முதுகைத்தான்.

சவரிமுத்து வேலைக்கு வந்தது அவர் காலத்தில். ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்துப் பையன், காடு விற்றுப்போனதால் மரவேலைக்கு வந்தவன். இடது கைக்காரன். வந்த முதல் நாளே பட்டறை அவனுக்குப் பெயர் வைத்துவிட்டது.

"ஏலே பீச்சாங்கை, அந்தக் கையால தொட்ட கதவை எவன் வீட்டுல மாட்டுறது?"

"உங்க வீட்டுல மாட்டுங்கண்ணே. அண்ணி தொறந்துவிட்டா எந்தக் கையால செஞ்சதுன்னா கேக்கப் போறாக?"

வாய் இருந்தது அவனுக்கு. ஆனால் ஒரு வேலை மட்டும் கைக்குப் படியவில்லை. சட்டம், பலகை எல்லாம் சுத்தமாகச் செய்வான். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி உட்கார ஒரு படி வெட்ட வேண்டும். அந்தப் படி மட்டும் அவன் கையில் செதில் செதிலாகப் பிய்ந்துவரும். முதலாளி இரண்டு சட்டங்களைப் பார்த்தார். சனிக்கிழமையோடு நிறுத்திவிடு என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி அன்று காலை முழுக்க ஒரு கட்டை மேல் உட்கார்ந்து சவரிமுத்துவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் என் மூலைக்கு வந்தார்.

"அப்பு, படி வெட்டுற தகடு சாய்வாத்தானே இருக்கு?"

"ஆமா மேஸ்திரி."

"எந்தப் பக்கம் சாய்வு?"

காட்டினேன்.

"அது உனக்கும் எனக்கும் சாய்வு. அவனுக்கு எதிரு. நார் பிய்யாம என்ன செய்யும்? எதிர்ச் சாய்வுல ஒன்னு தீட்டு."

அதற்கு ஏற்ற அகலத்தில் என்னிடம் ஒரே ஒரு தகடு இருந்தது. எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ விட்டுப்போனது. பக்கவாட்டில் பார்த்தால் அதில் ஒரு கோடு ஓடும். மெல்லிய எஃகு ஒரு பக்கம், மிருதுவான இரும்பு மறுபக்கம், இரண்டையும் உலையில் சேர்த்து அடித்தது. எஃகு வெட்டும், இரும்பு அதிராமல் தாங்கும். நல்ல சாமான். அதனால் கேட்டேன்: "ஒருத்தனுக்காக அதைப் போய் எதிர்ச் சாய்வாக்கணுமா மேஸ்திரி? வேற யாருக்கும் ஆகாதே."

"சரிதாங்க" என்றார் அவர். "வேணாங்க. நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

சாணையைத் தண்ணீர் ஊற்றி நனைத்தேன்.

எதிர்ச் சாய்வு வைப்பது என்றால் பழைய வாயை முழுதாக அழித்துவிட்டு வேறு வாய் வைப்பது. அவசரப்பட்டால் தகடு போயிற்று. கல் உலர்ந்தால் எஃகு சூடேறும். முதலில் வைக்கோல் நிறம் வரும். அடுத்து பழுப்பு. அடுத்து நீலம். நீலம் வந்துவிட்டால் அந்த எஃகின் கடினம் போய்விட்டது. பார்க்கத் தகடு மாதிரியே இருக்கும், தகரம் மாதிரி மடியும். திரும்ப உலையில் வைத்துப் பதம் ஏற்ற அன்றைக்கு ஊரில் ஆள் உண்டு. ஆனால் இந்த மாதிரி இரட்டை இரும்பை எல்லோரிடமும் நம்பிக் கொடுக்க முடியாது. ஆகவே கல்லில் ஒரு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி ஒரு இழுப்பு. மறுநாளும் அதையே செய்தேன். மேஸ்திரி கட்டை செய்தார். வழக்கமாகச் சுருள் வலது பக்கம் விழும்படி வாய் வெட்டுவார்கள். இதில் இடது பக்கம் வெட்டினார்.

சனிக்கிழமை சவரிமுத்து ஒரு ஜன்னல் சட்டத்தில் படி ஓட்டினான். நார் எங்கும் பிய்யவில்லை. சுருள் இடது பக்கம் கயிறு மாதிரி இறங்கியது. மேஸ்திரி ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார், சட்டத்தை அவனிடமே கொடுத்தார், முதுகைக் காட்டிக்கொண்டு போனார். முதலாளி திங்கட்கிழமை வந்தபோது, "அந்தாளை இன்னும் அனுப்பலையா?" என்று கேட்டார். "எந்தாளைங்க?" என்றார் மேஸ்திரி. முதலாளிக்கும் அந்தக் காற்று தெரியும். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து வந்த காலம் முழுக்க அந்த இழைப்புளியின் கட்டையை இரண்டு தடவை மாற்றினோம். தகடு ஒன்றுதான். பட்டறையில் வேறு யாருக்கும் அது உதவாது, ஆகவே யாரும் கடன் கேட்டதில்லை. அதுதான் அவன் சாமான்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் சாமான் தொழிலாளிக்குச் சொந்தம். பட்டறைக்கு இல்லை. வேலைக்கு வரும்போதே பெட்டியோடு வருவோம். பெட்டி உள்ளவர் வேலைக்காரர், பெட்டி இல்லாதவர் கையாள். மேஸ்திரி செத்து, நானும் ஓய்வு பெற்ற பிறகு, முதலாளியின் மகன் பட்டறையை எடுத்துக்கொண்டார். மின்சார இயந்திரங்கள் வந்தன. அதில் எனக்குப் புகார் இல்லை. ஒரு லாரிப் பாரம் கதவை மாலைக்குள் இழைக்க வேண்டுமென்றால் இயந்திரம்தான் வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில், சொந்தப் பெட்டிகள் நடைபாதையில் கிடந்தால் ஆபத்து என்று சொல்லி, எல்லாப் பெட்டிகளையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். பத்திரமாக இருக்கும் என்று வைத்தார்கள். சவரிமுத்துவும் வைத்தான். ஓய்வு பெற்றபோது நான் விட்டுவந்த சாணைக்கல்லும் அங்கேதான் இருந்தது. பட்டறைக் கல் இல்லை, என் சொந்தக் கல் அது. அடுத்து வருகிறவருக்கு வேண்டுமே என்று விட்டுவந்தேன்.

ஒரு நாள் பட்டறையை மூடினார்கள். பெட்டியை எடுக்கப் போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பூட்டு மாறியிருந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது, பூட்டுக்குப் பஞ்சமில்லை. இன்றைக்கு வா, அடுத்த வாரம் வா என்று அலைந்து, அறை திறந்தபோது உள்ளே வெறும் தரை. ஓட்டலுக்கு அலங்காரம் செய்யும் ஓர் ஒப்பந்தக்காரருக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டிருந்தார் சின்ன முதலாளி.

நான் சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"அண்ணே, அம்புட்டும் பழைய இரும்புன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். நீங்க சந்தோஷப்படணும்ணே. எங்கயோ மூலையில துருப்புடிச்சுக் கெடந்ததை இன்னைக்கு ஏசி ரூம்புல மரியாதையா மாட்டியிருக்காங்க."

"அது எங்க சாமான் தம்பி."

"யாரு இல்லைன்னா? போய்ப் பாருங்க. பேமிலியோட போங்க. நான் சொன்னேன்னு சொன்னா நல்லாக் கவனிப்பாங்க."

டீயைக் குடிக்காமல் எழுந்தேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்களுக்கு மரியாதை செய்துவிட்டதாகவே அவர் உண்மையில் நம்பினார்.

ஓட்டலைப் போய்ப் பார்த்தோம். வாசலில் என் சாணைக்கல் நின்றது. அதன் மேல் பிளாஸ்டிக் பூத்தொட்டி. உள்ளே நீளச் சுவர் முழுக்க இழைப்புளிகள், உளிகள், ரம்பங்கள், மூலைமட்டங்கள். எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்திருந்தார்கள். சுவரோடு ஒட்டி நிற்பதற்காக ரம்பங்களின் கைப்பிடியைப் பின்பக்கம் வெட்டியிருந்தார்கள். இழைப்புளிகளின் அடியைத் துளைத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று திருகாணி முடுக்கியிருந்தார்கள். நாங்கள் வருடக்கணக்காக மயிரிழை பார்த்து மட்டம் செய்த அடிகள். கீழே ஒரு குடும்பம் அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. குழந்தை சிரிக்கவில்லை என்று மறுபடி மறுபடி எடுத்தார்கள்.

சவரிமுத்து சுவரை ஒரு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். நடுவில் ஓர் இடத்தில் நின்றான். "இங்க இருக்குண்ணே" என்றான்.

அவனுக்கு அது ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பட்டறை மூடியபின் அவன் வீடுகளுக்குப் போய்க் கதவு ஜன்னல் வேலை செய்கிறான். கையில் பிடிக்கும் மின்சார இழைப்பு இயந்திரம் வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. தூளை வலது பக்கம் கக்கும். இடது கையில் பிடித்தால் அந்தத் தூள் நேரே முகத்துக்கு வரும். அவனுக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இனி அந்தக் கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். எதிர்ச் சாய்வுத் தகடு கடையில் கிடையாது. பழைய லாரி வில்பட்டையில் ஒன்று அடித்து வாங்கி, நான் தீட்டிக் கொடுத்தேன். வேம்பில் ஒரு முடிச்சைத் தாண்டியதும் வாய் போய்விட்டது. ஜன்னல் வேலை கைவிட்டுப்போக, தன்னைவிடச் சின்னவர்கள் எடுத்த வேலையில் சட்டம் தூக்கவும் உப்புத்தாள் தேய்க்கவும் அவன் போய்க்கொண்டிருந்தான். அதாவது கையாளாக. எத்தனை வருட வேலைக்காரன்! அவனை அங்கே, "பெரியவரே, செத்த அந்தப் பக்கம் புடிங்க" என்றார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டல் மேனேஜர் இளைஞர், பதவிசானவர். விஷயத்தைச் சொன்னோம். ஒரே ஒரு சாமான், அதற்குப் பதிலாக வேறு எதை வேண்டுமானாலும் தருகிறோம் என்றோம்.

"கஷ்டமாத்தான் இருக்குண்ணே. ஆனா ஒன்னை எடுத்தா அந்த எடம் பல்லு விழுந்த வாய் மாதிரித் தெரியும். டிசைன் போட்டவரு அளந்து மாட்டியிருக்காரு. ஓனரு என்னையத்தான் கேப்பாரு."

இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் பல் விழுந்த வாய்.

மழைக்காலம் முடிந்ததும் மேனேஜரே எனக்குப் போன் செய்தார். குரலில் பதற்றம்.

"அண்ணே, செவுத்துச் சாமான்ல இருந்து மாவு மாவாக் கொட்டுது. நேத்து ஒருத்தரு இலையில விழுந்து பெரிய சண்டை. உப்புன்னு சொல்லிச் சமாளிச்சேன். நீங்க மரம் தெரிஞ்ச ஆளு, வந்து பாக்குறீங்களா?"

ஓட்டல் காலியாக இருக்கும் பிற்பகலில் போனோம். ஏணி போட்டுச் சவரிமுத்து ஏறினான். ஏறியதும் சிரித்தான்.

"அண்ணே, இதுல பாதி டூப்ளிகேட்டு. எடம் ரொப்ப மாங்கட்டையில செஞ்சு மாட்டியிருக்கானுங்க. வண்டு அதைத்தான் திங்குது. நம்மளுதைத் தொடலை."

தொடாததில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் கட்டைகள் வைரம் பாய்ந்தவை. அதற்கு மேல், தினமும் எண்ணெய்த் துணி பட்டவை. இந்த விஷயம் மலரில் வருவது நல்லது: மரத்தைக் காத்தது பழமை இல்லை, எண்ணெய்.

எந்தெந்தச் சாமானை எரிக்க வேண்டும் என்று மேனேஜருக்குக் காட்டினேன். அவர் குறித்துக்கொண்டார். அப்போது மேலே ஒரு சத்தம். சவரிமுத்து தன் இழைப்புளியின் பின்தலையில் மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டியிருந்தான்.

"ஐயோ, அடிக்காதீங்கண்ணே! ஒடஞ்சிரும்!"

"அடிச்சாத்தான் கழலும் தம்பி. அடி வாங்கியே பொழச்ச சாமான் இது."

ஆப்பு தளர்ந்தது. தகட்டை உருவி அவன் கையில் வைத்துக்கொண்டான். கட்டை சுவரிலேயே இருந்தது. ஏணி மேலிருந்தே கேட்டான்: "தம்பி, இந்த உள்ளிரும்பை மட்டும் எடுத்துக்கிறவா?"

மேனேஜர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். எழுந்து வேறு மேசையில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஆப்பைத் திரும்பச் சொருகுங்க."

சொருகினான்.

"ஒன்னும் தெரியலையே! அந்தத் துண்டு எதுக்குண்ணே ஆகும்? எடுத்துக்கங்க. எல்லாத்துலயும் எடுத்துக்கங்க. அதுல துரு எறங்கிச் செவுத்துல கறை படுதுன்னு ஓனரு சத்தம் போட்டுக்கிட்டே இருக்காரு."

இத்தனை மாதம் நாங்கள் கெஞ்சியது இதற்குத்தான். திருடாமல், சண்டை போடாமல், ஒரு வார்த்தையில் கிடைத்தது. காரணம், கீழே உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அந்தச் சுவரில் கருவி என்று சொல்லத்தக்கது அது மட்டும்தான். அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர்கூட அந்தக் கட்டடத்தில் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அதற்கு முன்னால் எப்போதும் வராத கோபம் அப்போதுதான் வந்தது. நின்ற இடத்தில் நின்று, "ரொம்ப நன்றிங்க" என்றேன். சவரிமுத்து ஏணியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், யார் காற்று அடிக்கிறது என்று.

எல்லா இழைப்புளிகளின் தகடுகளையும் உருவி ஒரு துண்டில் முடிந்துகொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பரப்பியபோதுதான் ஒப்பந்தக்காரர் செய்த வேலை தெரிந்தது. மாட்டுவதற்கு முன்னால் துருவைப் போக்குவதாக நினைத்து ஒவ்வொரு தகட்டின் வாயையும் மின்சாரச் சக்கரத்தில் பிடித்திருந்தார்கள். தண்ணீர் தொடாமல். பாதித் தகடுகள் அடி வரைக்கும் நீலம். அவை செத்தவை. இரண்டை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். அவற்றை நான் தீட்டிய காலைகள் எல்லாம் நினைவில் இருந்தன.

சவரிமுத்துவின் தகட்டில் நீலம் வாயிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் ஏறியிருந்தது. அதற்கு மேல் எஃகு உயிரோடு இருந்தது.

"அம்புட்டையும் தேச்சு எடுக்கணும் சவரி. மிச்சம் ரொம்ப இருக்காது."

"தேய்ங்கண்ணே."

என் சாணைக்கல் பூத்தொட்டிக்கு அடியில் இருக்கிறது. மின்சாரச் சாணையில் வைக்க மனம் ஒப்பவில்லை. கரடுமுரடான ஒரு கல்லைப் பலகையில் பதித்து, தண்ணீர் ஊற்றிக் கையாலேயே தேய்த்தேன். என் மருமகள் நான் ஏதோ வேண்டுதல் செய்வதாக நினைத்தாள். நீலம் பழுப்பாகி, பழுப்பு வெளிறி, கடைசியில் எஃகின் சாம்பல் நிறம் வந்ததும், பழைய எதிர்ச் சாய்வைக் கோணம் மாறாமல் மறுபடி வைத்தேன். வாசலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இல்லை.

சவரிமுத்து புளிய வைரத்தில் புதுக் கட்டை செய்து கொண்டுவந்திருந்தான். தகட்டைச் செருகுவதற்கு முன்னால், மிஞ்சிய எஃகின் நீளத்தை விரலால் அளந்தான். இரண்டு விரல்கூட இல்லை.

"வருசத்துக்கு எம்புட்டுத் தேயும்ணே?"

"உன் வேலைக்கு நெல்மணி அகலம் தேயும்."

மனசுக்குள் எதையோ எண்ணினான். "அப்பப் போதும். எனக்கு அப்புறம் எவனுக்கு வேணும், பீச்சாங்கைச் சாமான்?" என்றான். ஆப்பைத் தட்டி இறுக்கினான்.

மற்ற நல்ல தகடுகளை உரியவர்களின் வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டோம். இருவர் உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். செத்த தகடுகள் என்னிடம் இருக்கின்றன. சின்ன முதலாளிக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். வார்னிஷ் அடித்து மாட்டிவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

மலர்க் குழுவுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார நான் வர மாட்டேன். அங்கே இருப்பவை வெறும் கட்டைகள். பழைய கருவியின் படம் வேண்டும் என்றால் சின்னாளப்பட்டிக்குப் போங்கள். ஒரு நெசவாளர் புது வீடு கட்டுகிறார். சவரிமுத்து அங்கே ஜன்னல் வேலையை முழுதாக எடுத்திருக்கிறான். சட்டம் பிடிக்க அவனுக்கு ஒரு கையாள் இருக்கிறார். எப்போது போனாலும் படம் எடுக்கலாம், அவன் வேலையை நிறுத்த மாட்டான். அவனுக்கு இடது பக்கம் மட்டும் நிற்காதீர்கள். சுருள் அந்தப் பக்கம்தான் விழும்.